குடம், டம்ளர், தீப்பெட்டி: கன உருவமாப் பிரிச்சு வரையும்போது எங்கே தப்புது?

குடியாத்தம்_கோடு:

வணக்கம். அரசு தொழில்நுட்பத் தேர்வுல ஓவியம் லோயர் கிரேடுக்குத் தயார் பண்றேன். ஃப்ரீஹேண்ட் ஓரளவு வருது. மாடல் டிராயிங்தான், அதாவது சாமானை எதிர்ல வெச்சுப் பாத்து வரையிறது, இழுத்துக்கிட்டே நிக்குது. உருளை, கூம்பு, உருண்டை, பெட்டி, இந்த நாலுக்குள்ள வீட்டுச் சாமான் எல்லாம் அடங்கிடும்னு சொல்றாங்க. அடங்குறது கண்ணுக்குத் தெரியுது, பேப்பர்ல வர மாட்டேங்குது.

எங்கெங்க இடிக்குதுன்னு சொல்லிடுறேன். டம்ளர் வாய் ரெண்டு ஓரமும் வாழையிலை நுனி மாதிரி கூராயிடுது. அடியை நேர்க்கோடா போட்டா வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு, வளைச்சா ஆடுற மாதிரி இருக்கு. குடம் எப்பவும் ஒரு பக்கமா வீங்குது. தீப்பெட்டியோட பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெருசாத் தெரியுது. நிழல் போட்டா பாத்திரம் உருண்டு வரல, அழுக்கான மாதிரி ஆயிடுது.

அளவு, கோணத்தோட சொன்னா உதவியா இருக்கும். பழகப் பழக வரும்னு தெரியும், எதைப் பழகணும்னுதான் கேக்குறேன்.

காட்பாடி_ஸ்கெட்ச்:

நீங்கள் சொன்னதில் டம்ளரின் அடி சரியாக வராததை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்மட்டம் எங்கே என்று முடிவு செய்யாமல் கோடு போட ஆரம்பிக்கிறீர்கள்.

ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்து, அதன் வாய் உங்கள் கண்ணுக்கு நேராக வரும்வரை தூக்குங்கள். வாய் வெறும் நேர்க்கோடாகத் தெரியும். அதுதான் கண்மட்டம். அங்கிருந்து மெல்ல இறக்குங்கள். கோடு திறந்து நீள்வட்டமாகும், இறக்க இறக்க இன்னும் அகலமாகத் திறக்கும். ஒரே டம்ளரில் அடி வாயைவிடக் கீழே இருக்கிறது. ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிட எப்போதும் அதிகம். நேர்க்கோடாகப் போட்டால் வெட்டி ஒட்டியதுபோல் இருப்பதற்கும், வாயைவிடத் தட்டையாக வளைத்தால் ஆடுவதற்கும் காரணம் இதுதான்.

எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. டம்ளர் உங்களிடமிருந்து 60 செ.மீ. தள்ளி மேசைமேல் இருக்கிறது, வாய் கண்மட்டத்துக்கு 18 செ.மீ. கீழே, அடி 30 செ.மீ. கீழே என்று வையுங்கள். வாயின் அகலம் 10 பங்கு என்றால் அந்த நீள்வட்டத்தின் உயரம் சுமார் 3 பங்கு. அடியின் அகலத்தை 10 பங்காக எடுத்தால் உயரம் சுமார் 4.5 பங்கு. தரையில் வைத்த குடத்தை 45 டிகிரி சாய்வில் குனிந்து பார்த்தால் 7 பங்கு வரும். பார்க்கும் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பை 10ஆல் பெருக்கினால் வருவதுதான் இந்தப் பங்கு. தேர்வு அறையில் கணக்குப் போட வேண்டாம், ஆனால் வீட்டில் இரண்டு மூன்று முறை ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பெரும்பாலானவர்கள் வாயை 5 பங்கு திறந்துவிட்டு அடியை 1 பங்கு வளைக்கிறார்கள். வாயை மேலிருந்து எட்டிப் பார்த்தும் அடியைப் பக்கத்திலிருந்து பார்த்தும் வரைந்த மாதிரி ஆகிவிடும்.

கூர்நுனிக்கு வருவோம். மேலே ஒரு வில், கீழே ஒரு வில் என்று இரண்டு துண்டாகப் போடுவதால்தான் ஓரம் கூராகிறது. வட்டம் எங்கேயும் முறிவதில்லை, அதன் சாய்ந்த தோற்றமும் முறியாது. முதலில் ஒரு கூட்டல் குறி. கிடைக்கோட்டில் அகலம், நெடுக்கோட்டில் உயரம். நான்கு முனையும் குறித்தபின் பென்சிலைப் பேப்பரில் வைக்காமல் காற்றில் மூன்று சுற்று சுற்றி, நிறுத்தாமல் அப்படியே இறக்கி இரண்டு சுற்று. மணிக்கட்டு அசையக் கூடாது, தோளிலிருந்து கை சுற்ற வேண்டும். ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். எவ்வளவு தட்டையான நீள்வட்டமாக இருந்தாலும் அங்கே சின்னதாக ஒரு 'ப' படுத்த மாதிரி திரும்பல் இருக்க வேண்டும். அடியில் கண்ணுக்குத் தெரியாத பின்பாதியையும் சேர்த்து முழுதாகப் போட்டு, கடைசியில் அழியுங்கள். தெரிகிற பாதியை மட்டும் போட்டால் அது வில்லாகத்தான் வரும்.

குடம் ஒரு பக்கம் வீங்குவதற்கு மருந்து நடு அச்சு. இடப்பக்க வெளிக்கோட்டை முழுசாக முடித்துவிட்டு வலப்பக்கத்தைக் கண்ணளவில் ஒப்பேற்றினால் வீங்கத்தான் செய்யும். கை ஒரு திசை வளைவை லேசாகப் போடும், மறு திசையில் முட்டும். எனவே நெடுக்க ஒரு அச்சு, அதில் ஐந்து மட்டங்கள்: வாய் விளிம்பு, கழுத்தின் ஒடுக்கம், தோள் தொடங்கும் இடம், வயிற்றின் பெருத்த இடம், அடி. ஒவ்வொரு மட்டத்திலும் இடம், வலம் இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் குறியுங்கள். ஒரு கண்ணை மூடி, கையை முழுக்க நீட்டி, பென்சிலால் வயிற்று அகலத்தை எடுத்து, அது உயரத்தில் எத்தனை முறை போகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

குடத்தில் உருவம் உருவமாக இருப்பது இவ்வளவுதான்: வாய் ஒரு தட்டையான வளையம், கழுத்து குட்டையான உருளை, தோள் தலை வெட்டிய கூம்பு, வயிறு சற்றே அமுங்கிய உருண்டை, அடி ஒரு சின்ன வட்டு. சேரும் இடங்களில்தான் கவனம் வேண்டும். கழுத்துக் கோடும் தோள் கோடும் முட்டி நிற்கக் கூடாது. கழுத்து முன்னே, தோள் அதன் பின்னாலிருந்து கிளம்புகிறது. அந்த இடத்தில் ஒரு கோடு நின்று மற்றது அதைத் தாண்டிப் போக வேண்டும். இந்த ஒரு சந்தியைச் சரியாகப் போட்டாலே நிழல் இல்லாமல் குடம் எழுந்து நிற்கும்.

ஆரணி_தூரிகை:

தீப்பெட்டிக்கு நான் சொல்றேன். உங்க ஊர்ல தீப்பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது, ஒரு பத்து காலிப் பெட்டி எடுத்து வெச்சுக்குங்க. இதைவிட நல்ல மாடல் கடையில கிடைக்காது.

பெட்டியை மூலை உங்களைப் பாக்குற மாதிரி வைங்க. கிட்ட இருக்குற மேல்மூலையில இருந்து மூணு கோடு கிளம்பும்: ஒண்ணு நேரா கீழே, ஒண்ணு இடப்பக்கமா பின்னால, ஒண்ணு வலப்பக்கமா பின்னால. அந்த மூலையில மூணு கோணம் வருதில்லையா, மூணுமே 90 டிகிரிக்கு மேல இருக்கணும். ஒண்ணாவது 90க்குக் குறைஞ்சா பெட்டி சப்பையா, கோணலா வந்துடுச்சுன்னு அர்த்தம். போஸ்ட்கார்டு மூலையை அது மேல வெச்சுப் பாத்தா உடனே தெரிஞ்சிடும்.

பின்பக்கம் பெருசாத் தெரியுறதுக்குக் காரணம், பெட்டி உண்மையில எப்படி இருக்குதுன்னு மனசுக்குத் தெரியும். எதிரெதிர் விளிம்பு ரெண்டும் இணைன்னு தெரிஞ்சதால கையும் இணையாவே இழுக்குது. முன்னால இருந்து பின்னால போற கோடுங்க கண்மட்டத்துல ஒரு மறைபுள்ளிக்கு, அதாவது தூரத்துல ஒண்ணா முடியுற மாதிரி தெரியுற இடத்துக்குப் போய்ச் சேரணும்: இடப்பக்கம் போற கோடுங்களுக்கு ஒரு புள்ளி, வலப்பக்கம் போறதுக்கு இன்னொண்ணு. பேப்பர்ல இணையாப் போட்டாலே கண்ணு அதை விரியுறதாத்தான் எடுத்துக்கும்.

மறைபுள்ளியைப் பேப்பருக்குள்ளயே வெச்சுடாதீங்க, பாதிப் பேர் பண்ற தப்பு இது. ஏ4 தாளோட அகலம் 21 செ.மீ.தான். ரெண்டு புள்ளியும் அதுக்குள்ள வந்தா தீப்பெட்டி மாடி வீட்டு மூலை மாதிரி மிரட்டும். தாளைப் பழைய செய்தித்தாள் மேல ஒட்டி, ரெண்டு புள்ளிக்கும் நடுவுல 60 செ.மீ.யாவது இருக்குற மாதிரி வெளியே குறிங்க. நாலஞ்சு நாள் நூல் கட்டி இழுத்துப் பழகினா அப்புறம் புள்ளி இல்லாமலே சாய்வு கைக்கு வந்துடும்.

அடுத்து உள்பெட்டியைப் பாதி வெளியே இழுத்து வெச்சு வரைங்க. கோடெல்லாம் அதே மறைபுள்ளிக்குத்தான் போகும், ஆனா அட்டையோட கனம்னு ஒரு மெல்லிய ரெட்டைக்கோடு வரும். அந்தக் கனத்தை விட்டுட்டா பெட்டி காகிதத்துல வெட்டின மாதிரி ஆயிடும். முக்காலி, பீரோ, மரப்பெட்டி, கேஸ் அடுப்பு எல்லாம் இதுக்குள்ள வந்துடும். முக்காலிக்கு முதல்ல முழுப் பெட்டியாப் போட்டு, கால்களை அதுக்குள்ள செதுக்குங்க. காலைத் தனித்தனியா இறக்கினா மூணும் ஒரே தரையில நிக்காது.

குடியாத்தம்_கோடு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 90 டிகிரி சோதனையில என்னோட ஆறு பெட்டியில அஞ்சு மாட்டிக்கிச்சு. இன்னும் மூணு சந்தேகம் இருக்கு. எவர்சில்வர் மினுக்கை என்ன பண்றது? படுக்க வெச்ச டம்ளரோட வாயை எந்தப் பக்கம் சாய்க்கிறது? பிடி இருக்குற பாத்திரத்துல பிடி ஒட்டாம தனியாத் தொங்குது, அது ஏன்?

ஆற்காடு_2பி:

மினுக்கும் நிழலும் ஒண்ணா சேர்ந்த விஷயம், அதை நான் எடுத்துக்கிறேன் தம்பி.

முதல்ல எவர்சில்வரை ஓரமா வைங்க. நிழல் கத்துக்க மினுக்காத சாமான்தான் வேணும். காட்பாடி பக்கம் கரிகிரியில செய்யிற மாதிரி ஒரு சாதாரண மண்பானை, அம்மிக் குழவி, முட்டை, வெள்ளைத்தாள் சுத்தின டப்பா, இது போதும்.

வெளிச்சம் ஒண்ணே ஒண்ணா இருக்கணும். ட்யூப்லைட்டும் ஜன்னலும் சேர்ந்து எரிஞ்சா ரெண்டு நிழல் விழும், எதை நம்புறதுன்னு கண்ணுக்குக் குழப்பம். ட்யூப்லைட்டை அணைச்சுட்டு, வலக்கைக்காரரா இருந்தா ஜன்னல் இடப்பக்கம் வர்ற மாதிரி உக்காருங்க. நேர் வெயில் வேண்டாம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, அரை மணி நேரத்துல நிழல் வேற இடத்துக்குப் போயிடும். வேற வழி இல்லைன்னா விழுற நிழலோட எல்லையை முதல் நிமிஷத்துலயே கோடாக் குறிச்சுட்டு, கடைசி வரைக்கும் அதையே வெச்சுக்குங்க.

அழுக்காத் தெரியுறதுக்கு ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு, விரலால தேய்க்கிறது. விரல்ல எண்ணெய் இருக்கு, நம்ம ஊர் சித்திரை வெயில்ல வேர்வையும் சேரும், கிராஃபைட் திட்டுத்திட்டா ஒட்டிக்கும், அப்புறம் ரப்பருக்கும் வராது. கைக்குக் கீழே ஒரு தாள் வெச்சுக்குங்க, தேய்க்காம கோட்டாலயே நிரப்புங்க. இன்னொண்ணு, அடர்த்தியை ஓரத்துல கொண்டு போய் வைக்கிறது. உருளையில அடர்த்தியான பட்டை வெளிக்கோட்டுல இல்லை, அதுக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கு. அதைத் தாண்டி ஓரத்துக்குப் போனா மேசையில பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம் லேசா இருக்கும். அந்த மெல்லிய வெளுப்பை விட்டாத்தான் டப்பா உருளும். ஆனா அது வெளிச்சப் பக்கத்தைவிட ஒருநாளும் வெளுப்பா இருக்கக் கூடாது. கண்ணைச் சுருக்கிப் பாத்தா அது நிழலோட சேர்ந்து மறைஞ்சிடணும்.

வரையிறதுக்கு முன்னால தாள் ஓரத்துல அஞ்சு கட்டம் போட்டு, வெறும் தாள்ல ஆரம்பிச்சு 4பி பென்சிலோட (நல்லாக் கருப்பா எழுதுற மென்மையான பென்சில்) அழுத்தம் வரைக்கும் படி படியா நிரப்புங்க. படத்துல எந்த இடமா இருந்தாலும் இந்த அஞ்சுல ஒண்ணு. ஆறாவது எதுக்கும் தேவைப்படாது.

உருவத்துக்கு உருவம் நிழல் போற வழி வேற. உருளையில நெடுக்க ஒரே அகலப் பட்டை. கூம்புல அந்தப் பட்டை உச்சிக்குப் போகப் போக ஒடுங்கும். உருண்டையில பிறை. பெட்டியில மூணு முகத்துக்கு மூணு அடர்த்தி, விளிம்புல பட்டுனு மாறும், இழையவே கூடாது. குடத்துல கழுத்துப் பட்டை நேரா இறங்கி, தோள்ல விரிஞ்சு, வயித்துல பிறையாத் திரும்பும். அந்தத் திருப்பத்தைக் காட்டாம மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பட்டையா இழுத்தா குடம் குழாயாயிடும். தரையில விழுற நிழல் பானை தொடுற இடத்துல ரொம்ப அடர்த்தி, தள்ளிப் போகப் போக வெளுத்து எல்லையும் கரையும். தொடுற இடத்துல ஒரு மயிரிழைக் கருப்பு வெச்சாத்தான் பானை தரையில உக்காரும், இல்லேன்னா மிதக்கும்.

இப்ப எவர்சில்வர். அதுல நீங்க பாக்குறது பாத்திரத்தோட நிழலே இல்லை, உங்க அறை. ஜன்னல், சுவர், உங்க சட்டை எல்லாம் அதுல இருக்கும். பாத்திரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளை சார்ட் நிறுத்தி வைங்க, இருபது பிம்பம் மூணு நாலு பட்டையாக் குறைஞ்சிடும். டம்ளர் மாதிரி நேர்ச்சுவர்ல பட்டைங்க நெட்டுக்குத்தா நிக்கும், குடத்து வயித்துல வளைஞ்சு ஓரத்துக்குப் போகப் போக நெருங்கும். மண்பானையில இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு இழைஞ்சு போவோம். எவர்சில்வர்ல கருப்பும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்துல, நடுவுல இழைப்பே இல்லாம நிக்கும். அந்த வெட்டுதான் மினுக்கு. வெள்ளைக்குத் தாளையே விட்டுடுங்க, அப்புறமா ரப்பர்ல எடுத்துக்கலாம்னு மேல தீட்டிடாதீங்க.

வாலாஜா_கரிக்கோல்:

எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. உருளையில் ஆரம்பிக்காமல் பெட்டியில் ஆரம்பியுங்கள். 1904 ஏப்ரலில் பிரெஞ்சு ஓவியர் பால் செசான் இன்னொரு ஓவியரான எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் உருளை, உருண்டை, கூம்பு என்று மூன்றைத்தான் சொல்கிறார், பெட்டி அதில் இல்லை. ஆனால் அதே வரியில் எல்லாவற்றையும் சரியான பெர்ஸ்பெக்டிவில், அதாவது தள்ளிப் போகப் போகச் சிறுக்கும் தோற்றத்தில், வைக்கவும் சொல்கிறார். பெர்ஸ்பெக்டிவைக் கற்றுக்கொடுப்பது பெட்டிதான். சாய்ந்த சதுரத்தைச் சரியாகப் போடத் தெரிந்தால் அதன் நான்கு பக்கத்தையும் தொடும் நீள்வட்டம் தானாக அமையும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தச் சதுரத்துக்கு மூலைவிட்டம் போட்டால் இரண்டும் வெட்டும் புள்ளிதான் வட்டத்தின் உண்மையான மையம். அது நீள்வட்டத்தின் நடுவில் இருக்காது, சற்றே பின்னால் தள்ளி இருக்கும். பாத்திரத்தின் கிட்டப் பாதி பெரிதாகவும் எட்டப் பாதி சிறிதாகவும் தெரிவதால் இப்படி.

இது எங்கே உதவும் என்றால், ஆட்டுக்கல்லில். கல்லின் வெளிவிளிம்பு ஒரு நீள்வட்டம், குழியின் விளிம்பு அதற்குள் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே சுற்றிலும் ஒரே அகலம் விட்டுப் போடுவதுதான் எல்லோரும் செய்வது, அதனால்தான் கல் தட்டுபோலத் தெரிகிறது. உண்மையில் விளிம்பின் கனம் இடம், வலம் இரண்டு ஓரத்திலும் அதிகம், முன்னால் குறைவு, பின்னால் இன்னும் குறைவு. வெளிவிளிம்பு 10 செ.மீ. அகலமும் 4 செ.மீ. உயரமும் என்றால், ஓரங்களில் 1.5 செ.மீ. கனம் தெரியும்போது முன்னால் 6 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், பின்னால் அதிலும் ஒரு மி.மீ. குறையும். உரல், பூந்தொட்டி, சொம்பின் வாய் எல்லாவற்றுக்கும் இதேதான்.

நீள்வட்டம் பழக ஒரே ஒரு சாமான் சொல்லச் சொன்னால் நான்கு அடுக்கு டிபன் கேரியரைச் சொல்வேன். மேல் அடுக்கிலிருந்து கீழ் வரை ஐந்து நீள்வட்டங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகம் திறந்திருக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அடுக்கு வரிசையில் அது அப்பட்டமாகத் தெரியும், பிழையைத் தேட வேண்டியதே இல்லை.

பரண்மேல் இருக்கும் பாத்திரத்துக்கு எல்லாம் தலைகீழ். கண்மட்டத்துக்கு மேலே போய்விட்டதால் வாய் தெரியாது, வளைவு மேல்நோக்கி வில்லாகும், மேலே போகப் போக வளைவு கூடும். இதைப் பெரிய அளவில் பார்க்க வேலூர்க் கோட்டையின் வட்டக் கொத்தளங்கள் அருமையான பாடம். அகழிக்கு இந்தப் பக்கம் நின்று கல் வரிசைகளைக் கவனியுங்கள். கண்மட்டத்தில் உள்ள வரிசை நேராகக் கிடக்கும், மேலே போகப் போக வரிசைகள் மேடுபோல வளையும். ஒரு கொத்தளத்தைப் போட்டுவிட்டால் பரண்மேல் அண்டா அதன் குட்டிதான்.

காட்பாடி_ஸ்கெட்ச்:

பெட்டியா உருளையா என்பதில் வாலாஜா ஐயாவோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. தேர்வுக்கு நாள் அதிகம் இருந்தால் அவர் சொல்வது சரி. ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் காலையில் பத்து நீள்வட்டம், மாலையில் இரண்டு பெட்டி என்று சேர்த்தே போங்கள்.

மீதி இரண்டு சந்தேகம். படுத்திருக்கும் டம்ளருக்கு முதலில் அதன் நடு அச்சைப் போடுங்கள். அடியின் நடுவிலிருந்து வாயின் நடுவுக்கு ஒரு குச்சி சொருகியதாக நினைத்தால் போதும். நீள்வட்டத்தின் குற்றச்சு (அதன் குறுகலான பக்கத்து நடுக்கோடு) அந்தக் குச்சியின் மேலேயே கிடக்க வேண்டும், நெட்டச்சு (நீளமான பக்கத்து நடுக்கோடு) குச்சிக்குச் செங்குத்தாக. டம்ளர் எப்படிச் சாய்ந்தாலும் இந்த விதி மாறாது. தப்பு நடப்பது எப்படி என்றால், டம்ளர் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், பழக்கதோஷத்தில் வாயின் நெட்டச்சை மட்டும் நெட்டுக்குத்தாக நிறுத்திவிடுகிறோம். வாய் நசுங்கிய மாதிரி ஆகிறது. உங்களிடமிருந்து தள்ளி இருக்கும் முனையின் நீள்வட்டம் அளவில் சிறியது, ஆனால் சற்று உருண்டையானது. பக்கச் சுவர்கள் இரண்டும் நீள்வட்டங்களைத் தொட்டு மட்டும் போக வேண்டும், நெட்டச்சின் முனையிலிருந்து கிளம்பக் கூடாது. தொடும் இடம் முனைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும், அது ஒன்றிரண்டு மி.மீ.தான் என்றாலும் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிடி தொங்குவதற்குக் காரணம், அதை வெளிக்கோட்டில் ஒட்டுவது. பிடி ஒட்டியிருப்பது சுவரின் மேற்பரப்பில். மேல் நீள்வட்டத்தில் பிடி வரும் இடத்தில் ஒரு புள்ளி, கீழ் நீள்வட்டத்தில் அதே நிலையில் ஒரு புள்ளி, இரண்டையும் சுவர்மேல் ஒரு கோட்டால் சேருங்கள். பிடியின் இரண்டு வேரும் அந்தக் கோட்டிலேயே உட்கார வேண்டும். பிறகு வட்டத்தின் மையத்திலிருந்து மேல் புள்ளி வழியாக வெளியே ஒரு கோடு நீட்டினால் பிடி எந்தத் திசையில் நீள்கிறது என்று கிடைத்துவிடும். குக்கர் பிடியாக இருந்தால் அந்தக் கோட்டின்மேல் நீளமான ஒரு பெட்டி, கப் பிடியாக இருந்தால் அதே கோட்டின்மேல் ஒரு தட்டையான பட்டை. பட்டைக்கும் அகலம் உண்டு. உள்பக்கம் ஒரு கோடு, வெளிப்பக்கம் ஒரு கோடு, இடையே தெரியும் பக்கவாட்டு முகத்துக்கு இன்னொரு கோடு. கம்பியாக வளைத்துவிட்டால் மறுபடி தொங்கும்.

வாளிக்கு மட்டும் வேறு. அதன் பிடி விளிம்பில் எதிரெதிரே இரண்டு காதில் மாட்டியிருக்கும். முதல் காதிலிருந்து உண்மையான மையம் வழியாக நேர்க்கோடு இழுத்தால், அது எதிர்ப்பக்க விளிம்பைத் தொடும் இடம்தான் இரண்டாவது காது. நீள்வட்டத்தின் நடுப்புள்ளி வழியாக இழுத்தால் காது இடம் மாறி, வாளியைத் தூக்கினால் தண்ணீர் ஒரு பக்கம் கொட்டும் என்று பார்த்தவுடனே தெரியும்.